குடும்பத்தோடு வந்தால்தான் சேர்ப்பு: தண்டையார்பேட்டை உடற்பயிற்சி வகுப்பு பற்றி ஒரு மதிப்புரை

தண்டையார்பேட்டையில், திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருக்கும் மாநகராட்சி விளையாட்டுத் திடல் ஒன்றில், அந்தப் பகுதி இளைஞர்களும் மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்களும் சேர்ந்து ஓர் உடற்பயிற்சி வகுப்பை நடத்திவருகிறார்கள். கட்டணம் கிடையாது. வார நாட்களில் காலை ஐந்தரை மணிக்கு ஒரு வகுப்பும் மாலை ஆறு மணிக்கு ஒரு வகுப்பும் உண்டு; ஞாயிற்றுக்கிழமை உணவைப் பற்றிய பேச்சு மட்டும் நடக்கும். இதய நோயும் உடல் பருமனும் வராமல் தடுப்பதே நோக்கம் என்று வாசலில் தட்டி எழுதி வைத்திருக்கிறார்கள். சேர்வதற்கு ஒரே ஒரு நிபந்தனைதான்: தனியாளாக வரக் கூடாது, ஒரு வீட்டிலிருந்து இரண்டு பேராவது சேர வேண்டும். என் மாமியார், கணவர், எட்டாம் வகுப்பு படிக்கும் மகள், நான் என நால்வரும் சேர்ந்து பல மாதங்களாகப் போய்வருகிறோம். இப்படியொரு வகுப்பு வடசென்னையின் எல்லா வார்டுகளிலும் வர வேண்டும் என்பது என் விருப்பம். ஆகவே இதில் நன்றாக நடப்பதையும் திருத்திக்கொள்ள வேண்டியதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

முதலில் அந்த நிபந்தனையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் ஒருவருக்குச் சுகரோ பிரஷரோ வந்துவிட்டால், அவருக்கு மட்டும் தனியாக இரண்டு சப்பாத்தியைப் போட்டுக் கொடுத்துவிட்டு, மற்றவர்கள் எப்போதும்போலச் சாப்பிடுவதுதான் வழக்கம். நடக்கச் சொன்ன டாக்டரின் பேச்சைக் கேட்டு அவர் நாலு நாள் நடப்பார். ஐந்தாம் நாள் மழை பெய்யும், அத்தோடு நின்றுவிடும். நிறுத்தியதை வீட்டில் யாரும் கேட்கமாட்டார்கள். இங்கே அப்படி விட முடிவதில்லை. மாமியார் ஐந்து மணிக்கே எழுந்து கொண்டையை முடிந்துகொண்டு வாசலில் உட்கார்ந்துவிட்டால், பேத்தி போர்வைக்குள் கிடக்க முடியாது. அதைவிட முக்கியம், சமைப்பவர், கடைக்குப் போய்ச் சாமான் வாங்குபவர், ருசி போதவில்லை என்று தட்டைத் தள்ளுபவர் ஆகிய மூவரும் ஒரே பேச்சை ஒரே இடத்தில் உட்கார்ந்து கேட்கிறார்கள். வீட்டுக்கு வந்த பிறகு உப்பைப் பற்றி நான் யாரிடமும் வாதாட வேண்டியிருக்கவில்லை.

இதற்கான தேவை எவ்வளவு பெரியது என்பதை எண்களே சொல்கின்றன. 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 40.4 விழுக்காட்டினரும் ஆண்களில் 37 விழுக்காட்டினரும் உயரத்துக்கு மிஞ்சிய எடையோடு இருக்கிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமமும் சென்னையைச் சேர்ந்த நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நடத்தி 2023-இல் வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வில், பெரியவர்களில் 35.5 விழுக்காட்டினருக்கு உயர் இரத்த அழுத்தமும், 39.5 விழுக்காட்டினருக்கு வயிற்றுப் பகுதிப் பருமனும் இருப்பதாகத் தெரிந்தது. நம்மவர்களுக்குக் குறைந்த எடையிலேயே ஆபத்து தொடங்கிவிடுகிறது என்பதால்தான், பிறருக்கு உடல் நிறைக் குறியீடு (கிலோ கணக்கிலான எடையை, மீட்டர் கணக்கிலான உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண்) 30 என்று வைத்திருக்கும் பருமன் எல்லையை இந்திய மருத்துவர்கள் 25 என்று வைத்திருக்கிறார்கள். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டக் கூடாது என்கிறார்கள். திடலில் ஒரு தையற்காரரின் நாடாவைத்தான் இதற்கு வைத்திருக்கிறார்கள். சேரும் நாளில் ஒவ்வொருவர் வயிற்றையும் அளந்து நோட்டில் எழுதிக்கொள்கிறார்கள். எடை பார்க்கும் இயந்திரத்தில் ஏறக் கூச்சப்படும் பெண்கள்கூட நாடாவுக்கு மறுப்புச் சொல்வதில்லை.

வகுப்பு ஒரு மணி நேரம். முதல் பத்து நிமிடம் திடலைச் சுற்றி மெல்ல நடந்து, கைகால்களை நீட்டி மடக்கி உடம்பைச் சூடாக்கிக்கொள்ள வேண்டும். பிறகு அரை மணி நேரம் வேக நடையும், பறை அடிக்கு ஏற்ப அடி எடுத்து வைக்கும் பயிற்சியும். திடலுக்கு எதிர்த் தெருவில் குடியிருக்கும் இரண்டு பையன்கள் காலை வகுப்புக்கு வந்து பறை அடிக்கிறார்கள். அடி மெதுவாகத் தொடங்கி ஏறி, ஓரிடத்தில் நின்று நிதானமாகி, மறுபடியும் ஏறுகிறது. எவ்வளவு வேகம் போதும் என்பதற்கு, வகுப்பை நடத்துபவர்களுக்குப் பயிற்சி கொடுத்த மாஸ்டர் சொல்லும் கணக்கு எளிமையானது: பக்கத்தில் இருப்பவரோடு பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. பாட முடிந்தால் இன்னும் வேகம் கூட்டலாம். பேச்சே வராமல் மூச்சு வாங்கினால் குறைத்துக்கொள்ள வேண்டும். மிதமான உழைப்பு எது என்பதைக் காட்ட மருத்துவர்களும் இதே அளவுகோலைத்தான் பயன்படுத்துகிறார்கள். கைக்கடிகாரமோ கருவியோ இல்லாதவர்களுக்கு இதைவிடச் சுலபமான வழி வேறில்லை.

மீதி நேரம் தசை வலுவுக்கு. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்களில் மணலை நிரப்பி, மூடியைச் செல்லோடேப்பால் இறுக்கச் சுற்றி, ஒரு கோணிப் பையில் போட்டு வைத்திருக்கிறார்கள். ஆளுக்கு இரண்டு எடுத்துக்கொண்டு தோளுக்கு மேலே தூக்கி இறக்க வேண்டும். வயதானவர்களுக்குப் பிளாஸ்டிக் நாற்காலிப் பயிற்சி: கைப்பிடியைத் தொடாமல் எழுந்து நிற்பது, மெல்ல உட்காருவது, மறுபடியும் எழுவது. பார்க்க ஒன்றுமில்லாததுபோல் தோன்றும் இந்தப் பயிற்சிதான் தொடைத் தசையைக் காப்பாற்றுகிறது. வாரத்தில் இரண்டு நாளாவது தசைப் பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. அதே வழிகாட்டுதல் பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பையும், 5 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடத்தையும் கேட்கிறது. ஒழுங்காக வரும் பெரியவர்களுக்கு அவர்களுக்கான அளவு திடலிலேயே நிறைவேறிவிடுகிறது.

உடையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எங்கள் பகுதிப் பெண்களில் பெரும்பாலோர் ஜிம்முக்குப் போகாததற்குப் பணம் மட்டும் காரணம் அன்று. டிராக் பேண்டும் டீ-ஷர்ட்டும் போட்டுக்கொண்டு தெருவில் நடந்து போவதற்கே அவர்களுக்குத் தயக்கம். இங்கே நைட்டியின் மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு அப்படியே வரலாம், சேலையில் வரலாம், புர்காவோடு வரலாம். ஹவாய் செருப்பு மட்டும் கூடாது என்கிறார்கள், அதுவும் கால் பிசகிவிடும் என்பதற்காக. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு நின்றால் ஏற்றுக்கொள்கிறார்கள்.

வகுப்பை நடத்துகிற பெண்களில் ஒருவர் காலை எட்டு மணிக்கு மேல் இட்லிக் கடை போடுகிறவர். இன்னொருவர் வீட்டு வேலைக்குப் போகிறவர். இவர்களுக்கு ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் பயிற்சி கொடுத்திருக்கிறார். நாங்கள் மாஸ்டர் என்று அழைப்பது அவரைத்தான். இந்த முறையை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று கேட்டபோது, அமெரிக்காவில் குடியேறி வாழும் லத்தீன் அமெரிக்கக் குடும்பங்களுக்காக நடக்கும் திட்டங்களைப் பற்றிப் படித்ததாகச் சொன்னார். நானும் தேடிப் படித்தேன். ஸ்பானிய மொழி பேசும் அந்தக் குடும்பங்களிடையே பருமன் மிக அதிகம். அந்நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கணக்குப்படி, 2017 முதல் 2020 வரையிலான காலத்தில் அவர்களில் பெரியவர்களில் 45.6 விழுக்காட்டினர் பருமன் உள்ளவர்கள். ஆஸ்பத்திரியில் ஆங்கிலத்தில் சொல்லப்படும் அறிவுரை அவர்கள் வீட்டுக்குள் போய்ச் சேரவில்லை என்பதை உணர்ந்து, அந்நாட்டின் தேசிய இதய, நுரையீரல், இரத்த நிறுவனம் 1994-இல் வாஷிங்டன் பகுதியில் 'சலூத் பாரா சு கொராசோன்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. அந்தச் சமூகத்திலேயே மதிப்புள்ள சாதாரணப் பெண்களைத் தேர்ந்தெடுத்து, 'ப்ரோமோத்தோரா' என்ற பெயரில் பயிற்சி கொடுத்து, அண்டை வீட்டாருக்கு அவர்களே சொல்லிக் கொடுக்கும்படி செய்தார்கள். மெக்சிகோ எல்லையோரம் அரிசோனா மாநிலத்தில் நடந்த 'பாசோஸ் அதெலாந்தே' என்ற 12 வாரத் திட்டம் அந்தப் பாடத்தோடு நடைக் குழுக்களையும் சேர்த்துக்கொண்டது.

நம் ஊருக்கும் இதற்கும் பொருந்தாது என்று யாரும் சொல்லிவிட வேண்டாம். பிரஷர் மாத்திரையைப் பாதியில் நிறுத்தினால் என்ன ஆகும் என்று கோட்டு போட்ட ஒருவர் மேடையில் பேசியபோது தலையாட்டிவிட்டு வந்த என் மாமியார், இட்லிக் கடை அக்கா, "ஆயா, எங்கம்மா அப்பிடித்தான் நிறுத்துனாங்க, ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு, நீ நிறுத்தாதே" என்று காதருகே சொன்ன பிறகுதான் மாத்திரை டப்பாவை ஒழுங்காகத் திறக்கத் தொடங்கினார். இரண்டு பேரும் சொன்ன செய்தி ஒன்றுதான்.

சென்னையிலேயே இதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. 1990-களின் பிற்பகுதியில் நகரின் இரண்டு குடியிருப்புகளில் நீரிழிவு பற்றிய ஓர் ஆய்வு நடந்தது. ஆய்வாளர்கள் கொடுத்த விழிப்புணர்வைக் கேட்ட திருமங்கலம் ஆசியாட் காலனி மக்கள், யாருக்கும் காத்திராமல் தாங்களே பணம் திரட்டி ஒரு பூங்கா அமைத்துக்கொண்டார்கள். வாரத்தில் மூன்று நாளுக்கு மேல் உடற்பயிற்சி செய்பவர்கள் 14.2 விழுக்காடாக இருந்தது, சில ஆண்டுகளில் 58.7 விழுக்காடாக உயர்ந்தது என்று அந்த ஆய்வுக்குழு பதிவு செய்திருக்கிறது. இடம் இருந்தால் மக்கள் நடப்பார்கள். ஆனால் ஆசியாட் காலனியில் இருந்த வசதி வடசென்னையின் கொருக்குப்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் இல்லை. குடும்பங்கள் பணம் போட்டுப் பூங்கா அமைக்கும் நிலையில் இல்லாத இடத்தில் மாநகராட்சித் திடல்தான் அந்த வேலையைச் செய்ய வேண்டும். 2023 நவம்பரில் அரசு தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தின் எட்டு கிலோமீட்டர் நடைபாதை தென்சென்னையில் பெசன்ட் நகரில் அமைந்தது. அங்கே போய் நடந்துவிட்டு வேலைக்குத் திரும்ப எங்கள் பகுதி ஆட்களால் முடியாது.

இனி குறைகளைச் சொல்கிறேன். தொடக்கத்தில், சேருபவர்களின் இரத்த அழுத்தத்தையோ அவர்கள் சாப்பிடும் மாத்திரைகளையோ யாரும் கேட்கவில்லை. ஒரு நாள் காலை, வேக நடையின் நடுவில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் வியர்த்துக் கொட்டி, கண் இருட்டி, சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மாஸ்டர் அவருக்குச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துப் படுக்க வைத்த பிறகு தெளிந்தார். விசாரித்தபோது, சுகர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, ஒன்றும் சாப்பிடாமல் நேராகத் திடலுக்கு வந்திருக்கிறார் என்பது தெரிந்தது. சில வகைச் சுகர் மாத்திரைகளும் இன்சுலினும் வெறும் வயிற்றுப் பயிற்சியோடு சேர்ந்தால் சர்க்கரை அளவு சட்டென்று இறங்கிவிடும். அதற்குப் பிறகு ஒரு நோட்டுப் போட்டு, என்ன மாத்திரை, எத்தனை மணிக்கு, காலையில் என்ன சாப்பிட்டார் என்று எழுதத் தொடங்கினார்கள். இவ்வளவு சீக்கிரம் திருத்திக்கொண்டதைப் பாராட்டுகிறேன். ஆனால் இன்னும் இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி திடலில் இல்லை. பக்கத்தில் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் தன்னார்வலர்கள் வீடு வீடாக வந்து பிரஷர், சுகர் மாத்திரை கொடுக்கிறார்கள். அவர்களில் ஒருவர் வாரத்தில் ஒரு காலை திடலுக்கு வந்தால் போதும், இந்தக் குறை தீர்ந்துவிடும். அமைப்பாளர்கள் இதைக் கேட்டு எழுதிக் கொடுக்க வேண்டும்.

நெஞ்சை அழுத்துவதுபோல் இருந்தாலோ, வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவினாலோ, காரணமில்லாமல் வியர்த்தாலோ உடனே நிறுத்திவிட்டு 108-ஐ அழைக்க வேண்டும் என்று தட்டியில் பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்றும் கேட்டிருக்கிறேன். வாயுதான் என்று சோடா குடித்துவிட்டுப் படுத்துக்கொள்ளும் பழக்கம் எங்கள் தெருவில் எத்தனையோ பேரைக் கொண்டுபோயிருக்கிறது. ஸ்டான்லி அரசு மருத்துவமனை இவ்வளவு அருகில் இருந்தும் தாமதமாகப் போவது வேதனையான விஷயம்.

ஞாயிற்றுக்கிழமை உணவுப் பேச்சு எனக்குத் திருப்தி தரவில்லை. வெளியிலிருந்து வந்து பேசுபவர்கள் ஓட்ஸ், ஆலிவ் எண்ணெய், பிராக்கோலி என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். எங்கள் வீடுகளில் ரேஷன் பாமாயிலும், கருவாடும், ஊறுகாயும், அப்பளமும், சாயங்கால பஜ்ஜியும்தான் இருக்கின்றன. பேசினால் அவற்றைப் பற்றித்தான் பேச வேண்டும். ஒரு நாளைக்கு ஒருவருக்கு ஐந்து கிராம் உப்பு, அதாவது ஒரு டீஸ்பூன் அளவு, போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. கருவாட்டை இரண்டு மூன்று தண்ணீரில் ஊற வைத்துக் கழுவினால் உப்பு எவ்வளவோ குறையும், குழம்பில் தனியாக உப்புப் போடத் தேவையில்லை என்று எங்கள் வீட்டில் நாங்களே பழகிக்கொண்டோம். பாமாயிலில், கெட்ட கொலஸ்ட்ராலைக் கூட்டும் நிறைகொழுப்பு கடலை எண்ணெயையும் நல்லெண்ணெயையும் விட அதிகம் என்பதையும், பொரித்த எண்ணெயை மறுபடி மறுபடி காய்ச்சக் கூடாது என்பதையும், மத்தியை வறுப்பதைவிடக் குழம்பு வைப்பது மேல் என்பதையும் சொல்ல ஆள் வேண்டும். அமெரிக்கத் திட்டம் இந்த விஷயத்தில் சரியாக நடந்துகொண்டது: லத்தீன் குடும்பங்கள் வழக்கமாகச் சமைப்பதையே எடுத்து, கொழுப்பையும் உப்பையும் குறைத்துச் சமைக்கும் குறிப்புகளை ஸ்பானிய மொழியிலேயே அச்சிட்டுக் கொடுத்தது. இட்லிக் கடை அக்காவிடமே ஞாயிற்றுக்கிழமையை ஒப்படைத்தால் இதைவிட நன்றாக நடக்கும் என்பது என் எண்ணம்.

நேரம் அடுத்த குறை. காசிமேட்டில் ஏலம் எடுத்து மீன் விற்கும் பெண்கள் விடியும் முன்பே துறைமுகத்துக்குப் போய்விடுகிறார்கள். மாலையில் அசந்து படுத்துவிடுகிறார்கள். கடலுக்குப் போகும் ஆண்களின் நேரமும் இந்த அட்டவணைக்குள் வராது. பிரஷரும் சுகரும் அவர்களை விட்டு வைக்கவில்லை. வகுப்பு மட்டும் அவர்களை விட்டுவிட்டது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுக்காரர்கள் கரையில் இருக்கிறார்கள். படகைச் சரிபார்ப்பது, வலை பின்னுவது போக மாலையில் அவர்களுக்கு நேரம் இருக்கும். அந்த இரண்டு மாதத்துக்கென்று ஒரு தனி வகுப்பைக் காசிமேட்டுப் பக்கமே நடத்தினால், குடும்பத்தோடு சேர அதைவிட நல்ல சமயம் கிடைக்காது. தண்ணீர் லாரி வரும் நாட்களில் பாதிப் பெண்கள் குடத்தோடு ஓடிவிடுவதையும் அமைப்பாளர்கள் கவனித்து, அந்த நாட்களில் அரை மணி தள்ளித் தொடங்குகிறார்கள். அதே கரிசனம் மீன்காரப் பெண்களுக்கும் கிடைக்க வேண்டும்.

காற்றைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கும் நாட்களில் புகையும் தூசியும் திடல் வரை வருகின்றன. நுண்துகள் கலந்த காற்று நுரையீரலோடு நிற்காமல் இதயத்தையும் பாதிக்கும் என்பதால், வேகமாக மூச்சிழுக்கும் பயிற்சியைச் சாலையோரச் சுவரிலிருந்து தள்ளி, உள்பக்கம் வேப்ப மரங்களின் கீழ் வைத்துக்கொள்வது நல்லது. போகிப் பண்டிகை அன்று காலை வகுப்பை ரத்து செய்தது சரியான முடிவு. கழிப்பறை பூட்டியே கிடக்கிறது. சுகர் உள்ளவர்களுக்கும் வயதான பெண்களுக்கும் இது எவ்வளவு பெரிய தடை என்பதை விளக்க வேண்டியதில்லை.

பிள்ளைகளுக்கான மாலை வகுப்பில் குறை சொல்ல அதிகம் இல்லை. வடசென்னைப் பையன்களுக்குக் கால்பந்தும் குத்துச்சண்டையும் யாரும் சொல்லிக் கொடுக்காமலே வரும். பெண் பிள்ளைகள்தான் வயதுக்கு வந்ததும் சுவரோரம் உட்கார்ந்துவிடுகிறார்கள். இங்கே நொண்டி, கோ-கோ, கயிறு தாண்டுதல் என்று எல்லாரையும் கலந்து விடுகிறார்கள். என் மகள் செல்போனை வீட்டில் வைத்துவிட்டுப் போகிறாள். அது எனக்குப் போதும்.

பலன் என்ன என்று கேட்பவர்களுக்கு: எங்கள் வீட்டில் யாருடைய எடையும் மடமடவென்று குறையவில்லை. என் கணவரின் இடுப்பு நாடாவில் தெரியும்படி சுருங்கியிருக்கிறது; ஹவுசிங் போர்டு குடியிருப்பின் மூன்றாம் மாடிக்கு நடுவில் உட்காராமல் மாமியார் ஏறி வருகிறார். உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஒழுங்காகப் பயிற்சி செய்தால் மேல் அளவு 5 முதல் 8 புள்ளி வரை இறங்கலாம் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள், மாமியாருக்கும் இறங்கியது. அதைப் பார்த்துவிட்டு மாத்திரையைக் குறைக்கலாமா என்று அவர் கேட்டார். அதை நாங்களும் முடிவு செய்யக் கூடாது, மாஸ்டரும் முடிவு செய்யக் கூடாது, சுகாதார நிலைய டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்று மாஸ்டரே எங்களைத் திருப்பி அனுப்பினார். இந்த நிதானத்துக்காகவே இந்த வகுப்பை நம்பலாம்.

சேர விரும்புகிறவர்கள் மாலை ஐந்தே முக்காலுக்குத் திடல் வாசலில் நோட்டு வைத்திருக்கும் பெண்ணிடம் பெயர் கொடுக்கலாம். மாத்திரைச் சீட்டைக் கையோடு கொண்டு போக வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் திடலில் தண்ணீர் தேங்கிவிடுவதால் வகுப்பு அடிக்கடி நின்றுபோகிறது, ஒருமுறை விட்டவர்களில் பலர் தை பிறந்தும் திரும்புவதில்லை. மழைக்காலத்துக்கு மட்டும் பக்கத்துப் பள்ளியின் கூடத்தைக் காலை ஒரு மணி நேரம் திறந்துவிடும்படி கேட்டு, வகுப்புக்கு வரும் குடும்பங்கள் கையெழுத்திட்ட மனு ஒன்று தயாராகிக்கொண்டிருக்கிறது. வகுப்பில் சேராதவர்களும் அதில் கையெழுத்துப் போடலாம்.